விளக்கின் மினுக்கமும் வீதியின் வெளிச்சமும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குமேல், நோயுற்றிருந்த ஒருவரைக் கண்டு ஆறுதல் கூறிவிட்டு, எங்கள் பழைய காரில் பங்கு இல்லத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கண்மாய்க் கரையை ஒட்டிய வளைவில் வண்டி திரும்பியபோது, கருநிறப் போர்வையைத் தலையோடு போர்த்தியபடி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னே நடந்து சென்ற பெரியவர் ஒருவர் மிக அண்மையில்தான் என் கண்ணுக்குப் புலனானார். மெதுவாக வந்ததால் தப்பினோம். அவருடைய மிதிவண்டியின் பின்சக்கரத்திற்கும் காருக்கும் இடையே ஒரு முழ தூரம் இருக்கும்பொழுது வண்டி நின்றது.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். கோபங்கொள்ளவில்லை. “இந்த இருட்டில் விளக்குப் போடாமல் வருகிறீர்களே, சாமி” என்று மட்டும் கூறினார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது!

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அச்சத்தைவிட வெட்கமே மிகுதியாக இருந்தது. ஏனெனில், மஞ்சள் படிந்து மங்கியிருந்த முகப்பு விளக்குகளை அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான் “சரிசெய்து” வைத்திருந்தோம். வண்டியைக் கழுவிய இளைஞர் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு விளக்குகளின்மேல் தேய்த்தார். மறுகணமே அவை புதியவைபோல மின்னின. நானும் பார்த்து மகிழ்ந்து அவரைப் பாராட்டினேன். விளக்கைப் பார்த்தேனேயன்றி, அது வீதியில் வீசும் ஒளியைப் பார்த்தேனல்லன். பிழை அங்கேதான் நேர்ந்தது.

மறுநாள் காலையில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றேன். பட்டறையை நடத்தும் தம்பி ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின்மேல் ஊற்றினார். உடனே விளக்கு தெளிந்து காணப்பட்டது. நீர் வடிந்து காய்ந்ததும் முன்போலவே மங்கிவிட்டது. “இதுதான் சோதனை, சாமி. நனைத்தால் தெளிகிறது என்றால் கோளாறு வெளிப்புறத்தில் இருக்கிறது, வீட்டிலேயே நீக்கிவிடலாம். நனைத்த பின்பும் மங்கலாகவே இருந்தால் கோளாறு உள்ளே, அதற்கு வெளியில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை” என்றார். எண்ணெயின் மாயமும் இதுவே என்பது அப்போது விளங்கிற்று. எண்ணெயும் நீரைப் போலவே நுண்ணிய கீறல்களையும் குழிகளையும் சிறிது காலம் நிரப்பி, தெளிவு போன்ற ஒரு தோற்றத்தைத் தருகிறது. வெயிலும் மழையும் அதைச் சில நாட்களில் கொண்டுபோய்விடுகின்றன.

இக்குறை ஏன் உண்டாகிறது என்பதைச் சற்று ஆராய்வோம். நம் இளமைக் காலத்து அம்பாசிடர், பிரீமியர் பத்மினி கார்களில் வட்டமான கண்ணாடி விளக்குகள் இருந்தன. கல் பட்டால் அவை உடையும். ஆனால் வெயிலில் மஞ்சளாகா. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கை ஜெர்மனியின் பேயர் நிறுவனத்து வேதியியலார் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து டேனியல் பாக்ஸும் 1953-ஆம் ஆண்டில் தனித்தனியே கண்டறிந்தனர். எளிதில் உடையாமை, கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே இருத்தல், விரும்பிய வடிவில் வார்க்க இயலுதல் ஆகிய சிறப்புகள் அதற்கு உண்டு. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் 7 காரில் இத்தகைய முகப்பு விளக்கு இடம்பெற்றது. இன்று நம் தெருக்களில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் பிளாஸ்டிக் முகப்பே உள்ளது.

இப்பிளாஸ்டிக்குக்கு இரண்டு குறைகள் உண்டு. அது எளிதில் கீறல்படும். சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைத் தாங்காது. ஆதலால் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கெட்டியான காப்புப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலும் மணலும் அப்பூச்சை அரித்துவிடுகின்றன. பின்னர்க் கதிர்கள் நேரே பிளாஸ்டிக்கைத் தாக்க, அதன் மேற்பரப்பு மஞ்சளாகிச் சொரசொரப்படைகிறது. நிழலின்றித் திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளில் இது விரைந்து நிகழும். கெடுவது பெரும்பாலும் மெல்லிய மேற்படலமே; அதன் அடியிலுள்ள பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும். அந்தப் படலத்தை நீக்க முடிவதால்தான் இவ்வேலை வீட்டிலேயே இயலுகின்றது.

இதனால் நேரும் தீங்கு சிறிதன்று. மங்கிய பரப்பில் பட்ட ஒளி நேரே செல்லாமல் நாற்புறமும் சிதறுகிறது. வண்டி ஓட்டுபவருக்குச் சாலை தெரிவதில்லை. எதிரே வருபவருக்கோ கண் கூசுகிறது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மிகவும் கெட்டுப்போன விளக்குகள் தாழ் ஒளியில் புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே தந்தன என்றும், தேய்த்துப் புதுப்பித்தபின் அது ஏறத்தாழ 70 விழுக்காடு வரை உயர்ந்தது என்றும் கண்டனர்.

வெளிச்சம் போதவில்லை என்று சிலர் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் பல்பைப் பொருத்துவதுண்டு. மங்கிய முகப்பின் பின்னே வலிய பல்பை வைத்தால் சிதறும் ஒளிதான் மிகும். வெப்பமும் மிகுந்து, உள்ளிருக்கும் பிரதிபலிப்பானையும் மின்கம்பிகளையும் கெடுத்துவிடும். பற்பசை நுண்மையான அராவும் பொருளாதலால் சிறிது பயன் தரும். ஆனால் அத்தெளிவு நிலைக்காது. கொசு விரட்டும் மருந்தைத் தெளித்துத் துடைப்போரும் உளர். அதிலுள்ள வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கி மினுக்குவதால் நாளடைவில் விளக்கும் வண்டியின் வர்ணமும் கெடும். அதை அறவே தவிர்க்க வேண்டும்.

இனி, முறையாகச் செய்வது எவ்வாறு என்று காண்போம். முதலில், உங்கள் விளக்கு பிளாஸ்டிக்தானா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி ‘ணங்’ என்று ஒலிக்கும். பிளாஸ்டிக் மந்தமாக ஒலிக்கும். கண்ணாடியாயின் இம்முறை வேண்டாம். பிளாஸ்டிக்காயின், விளக்கை அணைத்து நன்கு ஆறவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்துங்கள். சோப்பு நீரால் தூசும் எண்ணெய்ப் பசையும் போகக் கழுவித் துடையுங்கள். பின்னர் விளக்கைச் சுற்றியுள்ள வர்ணப் பகுதியை, வர்ணம் அடிப்போர் பயன்படுத்தும் காகித நாடாவினால் இரண்டு சுற்று ஒட்டி மறைத்துவிடுங்கள். சில நிமிடங்கள் எடுக்கும் இந்தச் சிறு வேலையை விட்டவர்கள், பின்னர் வர்ணத்தில் விழுந்த கீறலைக் கண்டு வருந்துவர்.

அடுத்து, வர்ணக் கடையில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டு, நீரில் நனைத்துத் தேய்க்கத்தக்க உப்புத்தாளை 600, 1000, 2000, 3000 என்னும் எண்களில் வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஏற ஏறத் தாள் நயமாகும். பழைய பூச்சு உரிந்து திட்டுத்திட்டாக நிற்குமாயின் 600-இல் தொடங்குங்கள். இலேசான மங்கலுக்கு 1000 போதும். தாளைச் சிறிது நேரம் நீரில் ஊறவைத்து, விளக்கின்மேல் சோப்பு நீரை ஓயாமல் தெளித்துக்கொண்டே, மென்மையான அழுத்தத்துடன் தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கலாகாது. முதலில் வழியும் நீர் மஞ்சளாக இருக்கும். அது வெண்மையாக மாறுவதே பழுதுற்ற படலம் நீங்கியதன் அடையாளம்.

ஒரு தாளைக் கிடைமட்டமாகத் தேய்த்தால் அடுத்த தாளை மேலும் கீழுமாகத் தேயுங்கள். முந்திய தாளின் கீறல்கள் குறுக்கே தெரியுமாதலால், அவை முற்றிலும் மறைந்தனவா என்று எளிதில் அறியலாம். மறையும்வரை அடுத்த எண்ணுக்குச் செல்லாதீர்கள். இவ்வேலையில் பெரும்பாலோர் பொறுமையிழக்கும் இடம் இதுவே. தேய்க்கத் தொடங்கியதும் விளக்கு முன்னைவிட மங்கலாகிப் பால்போல வெளுக்கும். பார்த்து அஞ்ச வேண்டாம். நயமான தாளுக்குச் செல்லச் செல்லத் தெளிவு தானே திரும்பும்.

3000 எண் தாள் முடிந்தபின், கார்களுக்கு மெருகேற்றும் ‘ரப்பிங் காம்பவுண்டு’ பசையைப் பருத்தித் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் விளக்கு பளிச்சென்றாகும். இயந்திரத்தால் தேய்ப்பவர்கள் குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் தேய்க்க வேண்டும். சூடு மிகுந்தால் பிளாஸ்டிக் இளகிக் கெடும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவற்றால் துடைக்கவே கூடாது. அவை பிளாஸ்டிக்கில் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறேன். விளக்கு பளிச்சென்றானதும் வேலை முடிந்ததென்று பலர் கைகழுவி எழுந்துவிடுகின்றனர். உண்மையில் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. மஞ்சளைத் தேய்த்து நீக்கியபோது, தொழிற்சாலையில் பூசிய காப்புப் பூச்சின் எஞ்சிய பகுதியையும் நாமே நீக்கிவிட்டோம். இப்போது பிளாஸ்டிக் வெறும் மேனியோடு வெயிலில் நிற்கிறது. அப்படியே விட்டால் சில மாதங்களிலேயே மீண்டும் மஞ்சளாகிவிடும். நீக்கிய காப்பைத் திரும்ப அளிப்பதே இவ்வேலையின் உயிர்நிலை.

அதற்கெனப் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பூச்சுகள் விற்கப்படுகின்றன. சிலவற்றைத் துணியால் தடவலாம். சிலவற்றைத் தெளிக்க வேண்டும். சாதாரண வார்னிஷ் இதற்கு உதவாது. அது வெயிலில் மஞ்சளித்து உரியும். சில பூச்சுகள் மெருகேற்றாத, உப்புத்தாள் மட்டும் இட்ட பரப்பின்மேல்தான் நன்கு பற்றும். ஆகவே மெருகேற்றுமுன்னரே பூச்சின் குப்பியிலுள்ள அறிவுரையைப் படித்துவிடுங்கள். பரப்பை ஐசோபிரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், மெல்லிய படலங்களாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒரு நாள் வரை நீர் படாமல் காப்பது நன்று. இரண்டு பொருள்களைக் கலந்து தெளிக்கும் கடினப் பூச்சுகள் நீடித்து உழைக்கும்; ஆயினும் அவற்றின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. வாயில் துணி கட்டுவது போதாது. அதைத் தகுந்த முகக்கவசமுடைய தொழிலாளரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை. மெழுகு மட்டுமே பூசுபவர்கள் அதைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மறவாமல் திரும்பப் பூச வேண்டும்.

இரண்டு விளக்குகளுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். விடுமுறை நாளொன்றில் தந்தையும் பிள்ளைகளும் கூடிச் செய்யத்தக்க வேலை. நீர் தெளிப்பதைச் சிறுவர்களிடம் ஒப்படைக்கலாம். பூச்சுத் தெளிக்கும்போது மட்டும் அவர்களைத் தொலைவில் நிறுத்துங்கள்.

வேலையின் பயனைப் பகலில் விளக்கைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். முதலில் ஒரு விளக்கை மட்டும் முடித்து, இருட்டியபின் சமதரையில், சுவரிலிருந்து ஏழெட்டு கஜ தூரத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு விளக்கை அட்டையால் சிறிது நேரம் மறைத்து, மற்றதன் ஒளி சுவரில் விழுவதைக் காணுங்கள். பின்னர் மாற்றிக் காணுங்கள். புதுப்பித்த விளக்கின் ஒளி விளிம்பு தெளிவாகவும், மற்றதன் ஒளி புகைபோலக் கலங்கியும் இருக்கும். வேறுபாடு ஒன்றும் தெரியவில்லையானால், உள்ளே பிரதிபலிப்பான் கருகியிருக்கலாம், பல்பு பழையதாகியிருக்கலாம். உட்புறம் நீர் கோத்திருந்தாலும், பிளாஸ்டிக்கில் ஆழ்ந்த வெடிப்புகள் இருந்தாலும் தேய்த்துப் பயனில்லை. அத்தகைய விளக்கை மாற்றிவிடுவதே முறை. அச்செலவை மிச்சம் பிடிக்கலாகாது.

பழைய கார் வாங்குவோர் நம் குடும்பங்களில் பெருகிவருகின்றனர். அவர்களுக்கு ஒரு சொல்: பகலில் மின்னும் விளக்கைக் கண்டு ஏமாறாதீர்கள். ஈரத்துணியில் சோப்பைத் தொட்டு விளக்கைத் துடைத்து, உலர்ந்தபின் மீண்டும் பாருங்கள். வண்டியை விற்போருக்கும் ஒரு சொல் உண்டு. எண்ணெய் தடவிய விளக்கோடு வண்டியை விற்பது, வாங்குபவரை மட்டும் ஏமாற்றுவதன்று. அந்த வண்டியின் முன்னே இருட்டில் நடந்துசெல்லும், நாம் முகமறியாத ஒருவரையும் ஆபத்துக்குள்ளாக்குவதாகும்.

பட்டறைத் தம்பி அருகிருந்து சொல்லிக்கொடுக்க, எங்கள் காரின் இரண்டு விளக்குகளையும் நானே தேய்த்துப் பூச்சிட்டேன். கை இரண்டு நாள் வலித்தது. அதன்பின் ஒரு நாள் இரவு அதே கண்மாய்க்கரை வளைவில் வந்தேன். தொலைவிலேயே மிதிவண்டியொன்றின் சக்கரக் கம்பிகள் ஒளியில் மின்னின. அதைத் தள்ளிச் சென்ற கால்களும் தெரிந்தன. வேகத்தைக் குறைத்து ஒதுங்கிக் கடந்தேன். போர்வைக்குள் இருந்தவர் அந்தப் பெரியவர்தானா என்று அறியேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குத் தேவையும் ஏற்படவில்லை.