வைரம் கண்டவர் யார்? விருது கொண்டவர் யார்?

சோவியத் வைரத்தின் கதையைச் சொல்லும்போது, லரிசா பொப்புகாயேவாவை "அதிர்ஷ்டசாலிப் பெண்" என்று எழுதிக் கடந்து செல்வோர் உண்டு. அதை நான் வன்மையாக மறுக்கிறேன். அது அதிர்ஷ்டம் அன்று, கனிப்பொருளியல்.

ஆற்று மணலில் வைரம் அரிது. ஆனால் வைரத்தைச் சுமந்துவரும் கிம்பர்லைற் பாறை, பைரோப் என்னும் செந்நிறக் கற்களையும் ஏராளமாக உதிர்க்கிறது. மணலை அரித்து, அச்செம்மணிகளின் தடம்பற்றி ஆற்றின் மேற்பக்கமாக நடந்தால் மூலப்பாறையை அடையலாம். இவ்வழியை வகுத்தவர் லெனின்கிராட் கனிப்பொருளியலாளர் நத்தாலியா சர்சாட்ஸ்கிக். 1953இல் அவரும் பொப்புகாயேவாவும் யாக்கூத்தியாவின் ஆறுகளில் அக்கற்களைச் சேகரித்தனர். மறுவருடம் சர்சாட்ஸ்கிக்குக்குக் குழந்தை பிறந்திருந்தது. பொப்புகாயேவா ஒரேயொரு உதவியாளருடன் புறப்பட்டார். 1954 ஓகஸ்ட் 21ஆம் திகதி, நாட்டின் முதலாவது கிம்பர்லைற் குழாயைக் கண்டார். அதற்கு அவர் இட்ட பெயர் "சர்னீத்சா".

பின்னர் நடந்ததே வெட்கக்கேடு. நியூர்பாவில் தளம் அமைத்திருந்த உள்ளூர் ஆய்வணி, அவரை வற்புறுத்தித் தன் ஊழியராக மாறுவதற்கான விண்ணப்பத்தில் கையொப்பம் பெற்றது. கண்டுபிடிப்பு அவ்வணியின் கணக்கில் சேர்ந்தது. லெனின்கிராட் சகாக்களோ அவரைத் துரோகியாகப் பார்த்தனர். 1937இல் தந்தையைச் சுட்டுக்கொன்ற ஓர் அரசின் கீழ் வளர்ந்த பெண் எவ்வளவு தூரம் எதிர்த்திருக்க முடியும் என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்?

1957இல் யாக்கூத்திய வைரங்களுக்காக லெனின் பரிசு வழங்கப்பட்டது. பட்டியலில் இவ்விரு பெண்களும் இல்லை. பொப்புகாயேவாவுக்கு லெனின் விருதுப் பதக்கம் கிடைத்ததே என்று சமாதானம் கூறுவர். பதக்கம் உழைப்புக்கு உரியது. பரிசோ கண்டுபிடித்தவருக்கு உரியது. முன்னதைக் கொடுத்துப் பின்னதைப் பறிப்பது நுட்பமான களவு.

"அது கூட்டு முயற்சி, தனிப்பெயர்கள் எதற்கு?" என்பது மற்றொரு வாதம். அப்படியாயின் பரிசுப் பட்டியலில் ஆண்களின் பெயர்கள் தனித்தனியே இடம்பெற்றது எப்படி? பெண்ணின் பங்கைக் கேட்கும்போது மட்டும் ஏன் கூட்டு முயற்சி நினைவுக்கு வருகிறது?

செய்தியைத் தேடி அலைந்தவர் ஒருவராகவும் அச்சில் பெயர் வந்தவர் வேறொருவராகவும் இருந்ததைப் பத்திரிகைத் தொழிலில் நானும் கண்டிருக்கிறேன். அப்போது வாய்மூடி இருந்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே இக்கதை எனக்குத் தூரத்துக் கதை அன்று.

பொப்புகாயேவாவுக்குக் கண்டுபிடிப்பாளர் என்னும் அங்கீகாரம் 1970இல்தான் கிடைத்தது. ஏழு ஆண்டுகளில் அவர் காலமானார். வழியை வகுத்துக் கொடுத்த சர்சாட்ஸ்கிக் அதைவிடவும் நெடுங்காலம் காத்திருந்தார். தாமதமாக வந்த கௌரவத்தைப் பெருந்தன்மை என்று போற்றாதீர்கள். அது திருப்பிக் கொடுக்கப்பட்ட கடன் மாத்திரமே, அதுவும் வட்டியின்றி.