அட்டைக்கு விலை தருவது எது?

பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனச் சேகரிப்பு அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அட்டைகளைத் தரம்பிரிக்கும் எஸ்ஜிசி நிறுவனம் அதற்குப் பத்துக்கு 9.5 தரம் அளித்திருந்தது. பிஎஸ்ஏ நிறுவனம் 9 தரம் அளித்த இன்னொரு மேன்டில் அட்டை 2021இல் 52 லட்சம் டாலருக்கு விற்றது. இடையில் சந்தை மாறியிருக்கலாம் என்றாலும், தரச்சான்றுதான் விலையை உண்டாக்குகிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மையே. இன்னொரு பேஸ்பால் வீரரான ஹோனஸ் வாக்னரின் டி206 தொடர் அட்டை ஒன்று வெறும் 2 தரத்திலேயே 2022இல் 72.5 லட்சம் டாலர் பெற்றது. அரிதாக இருப்பதும் வாங்கத் துடிப்போர் இருப்பதுமே விலையின் வேர்; முனை, விளிம்பு, மேற்பரப்பு, படத்தின் மையம் ஆகியவற்றைச் சோதித்துத் தரப்படும் சான்று, வாங்குபவரின் சந்தேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

சான்று இல்லாவிட்டால் போலிகள் பெருகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; முகம் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்குபவருக்கு அது தேவையான காப்புதான். ஆனால் சான்றும் மனிதக் கண்ணின் கருத்தே. பிஎஸ்ஏ 1991இல் முதன்முதலாகச் சான்றளித்த வாக்னர் அட்டைக்கு 8 தரம் கிடைத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. சான்று பெறும் முன்பே அதன் விளிம்புகளை வெட்டிச் சீராக்கியதாக ஏல நிறுவனம் ஒன்றின் நிறுவனர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். எனவே வாங்குவோர் முதலில் அட்டையைப் பார்க்கட்டும். எண்ணைப் பிறகு பார்க்கலாம்.