மாதர் பகுதி: கழுத்துக்கு ஓர் அணி, கைக்கு எட்டும் செலவில்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்தில் கோலமிட ஒருவர் குறைந்தார். ஆண்டுதோறும் எல்லோருக்கும் முன்னதாக வந்து புள்ளி வைக்கத் தொடங்கும் சகோதரி அவர். உடல்நலம் இல்லையோ என்றெண்ணி மறுநாள் அவரது இல்லம் சென்று விசாரித்தோம். முதலில் ஏதேதோ காரணம் கூறினார். காபி கொடுத்த பின்னர் உண்மையைச் சொன்னார். மூத்த மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அவருடைய இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. “வெறும் மஞ்சள் கயிற்றோடு நாலு பேர் நடுவில் எப்படி வந்து நிற்பது, மாமி?” என்று நம்முள் மூத்தவரைப் பார்த்துக் கேட்டார்.

அக்கேள்விக்கு அங்கேயே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. மகனின் படிப்புக்காக நகையைக் கழற்றிக் கொடுத்த தாய் தலைநிமிர்ந்து வரவேண்டியவர். அவர் வீட்டிலேயே தங்கிவிட்டார் என்றால், குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. விழாவுக்கு வருவோரின் கழுத்தை முதலில் பார்த்து, முகத்தைப் பிறகு பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஊரில் உற்றார் உறவினரிடையே வாழ்வோர்க்குக் கூட இது வருத்தம் தருவது. மொழி வேறான தலைநகரில், மாதம் ஒருமுறை தமிழ் பேசிக் களிக்கச் சங்கத்தை நாடி வரும் குடும்பத்திற்கு, அந்த ஒரு வாயிலையும் நகையின் பேரால் அடைத்துவிடுவது தகுமா?

ஆகவே இம்மாதம் பொன் இன்றியே பொலிவாக அணியத்தக்க மாலைகளைப் பற்றி எழுதத் துணிந்தோம். மங்கலநாணைப் பற்றி நாம் இங்குப் பேசவில்லை; அது அவரவர் குலவழக்கம். அதனோடு சேர்த்து அணியும் அலங்கார மாலையே நம் பொருள்.

“மண்ணும் காகிதமும் கோத்து அணிவது ஏழ்மையின் அடையாளம் ஆகாதா?” என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டின் பழமையை அறிந்தவர் அவ்வாறு கேளார். சிந்துவெளி மக்கள் பொன்மணியோடு சங்கு, மாக்கல், சுட்ட களிமண் ஆகியவற்றாலும் மணி செய்து அணிந்தனர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பளிங்கும் சூதுபவளமும் அறுத்து மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் அகழ்வில் வெளிப்பட்டுள்ளன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு வீலர் என்னும் அறிஞர் அகழ்வு நடத்தினார். கண்ணாடி மணிகள் மிகுதியாகக் கிடைத்த இடம் அது. கீழடியிலும் கண்ணாடி மணியும் சுடுமண் மணியும் கிடைத்திருக்கின்றன. நம் முன்னோர் மணியின் விலையை மட்டும் பார்க்கவில்லை. நிறத்தையும் கோத்த நேர்த்தியையும் பார்த்தார்கள்.

புது தில்லி தேசிய அருங்காட்சியகத்திற்குச் செல்லும் சகோதரிகள், மொகஞ்சதாரோவில் கிடைத்த கழுத்தணியைக் காணத் தவற வேண்டாம். 1947-இல் நாடு பிரிந்தபோது அக்கழுத்தணியும் பிரிக்கப்பட்டது. பாதி மணிகள் இங்கும் பாதி பாகிஸ்தானிலும் உள்ளன. நூலில் கோத்த சில மணிகளுக்கு இத்தனை மதிப்பு உண்டென்றால், நம் கையால் கோப்பதை இழிவென்று எண்ண இடமேது?

இனிச் செய்முறைக்கு வருவோம். மூன்று வகை கூறுகிறோம்.

முதலாவது, காகித மணி மாலை. பழைய நாட்காட்டி, வண்ணப் பத்திரிகை, விளம்பரத் தாள் ஆகியவற்றின் வழவழப்பான தாளே இதற்கு ஏற்றது. 21 சென்டிமீட்டர் அகலமும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு தாளை எடுத்துக்கொள்க. அகல ஓரம் ஒன்றில் மூலையிலிருந்து தொடங்கி 2.5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக 20 வரையில் குறிக்கவும். எதிர் ஓரத்தில் முதற்புள்ளியை 1.25-இல் வைத்து, அங்கிருந்து 2.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 18.75 வரையில் குறிக்கவும். இரு ஓரத்துப் புள்ளிகளையும் மாறி மாறிக் கோடிட்டு இணைத்து வெட்டினால், நீண்ட முக்கோணத் துண்டுகள் இப்பக்கம் அடியாக எட்டும் அப்பக்கம் அடியாக ஏழும் ஆகப் பதினைந்து கிடைக்கும். ஒரு மாலைக்கு ஒரே தாள் போதும்!

துண்டின் அகன்ற முனையைத் துடைப்பக் குச்சியிலோ மெல்லிய பின்னல் ஊசியிலோ வைத்து, வண்ணப் பக்கம் வெளியே தெரியும்படி இறுகச் சுற்றுக. முதல் சுற்றில் பசை வேண்டா. தடவினால் குச்சியோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றிலிருந்து மெல்லப் பசை தடவி, நுனி மணியின் நடுவில் வந்து படியுமாறு முடிக்கவும். பசை காய்வதற்குள் குச்சியை உருவிவிடுக. நடு பருத்து முனை மெலிந்த அழகிய மணி உருவாகும். இரவு முழுதும் உலர்ந்தபின், நிறமற்ற வார்னிஷோ நிறமற்ற நகப்பூச்சோ மெல்லியதாக இருமுறை பூசவும். ஒரு பூச்சு நன்கு காய்ந்த பின்பே மறு பூச்சு. சன்னல் திறந்த அறையில் இவ்வேலையைச் செய்வது நலம்.

ஒரு நுட்பத்தை நினைவிற் கொள்க. முடிந்த மணியில் நம் கண்ணுக்குத் தெரிவது துண்டின் சாய்ந்த ஓரங்களும் நுனியுமே. நடுப்பகுதி சுருளுக்குள் மறைந்துபோகும். ஆதலால் தாளில் உள்ள படத்தின் அழகை நம்பி வெட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். வெட்டிய துண்டுகளின் ஓரங்களில் வண்ணப் பேனாவால் ஒரே நிறத்தை இழுத்துவிட்டால், பதினைந்து மணியும் ஒரு தாய் மக்கள் போல் அமையும்.

கோப்பதற்கு ஒன்றரை மீட்டர் உறுதியான நூலை இரட்டையாக மடித்து மெழுகு தேய்த்துக்கொள்க. ஒரு முனையில் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கட்டவும். ஒரு கண்ணாடி மணி, ஒரு காகித மணி என மாறி மாறிக் கோத்துக் கண்ணாடி மணியில் முடிக்கவும். நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடி மணி பதினாறு தேவைப்படும்; மாலை ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் நீளம் வரும். மறுமுனையில் பொத்தான் நுழையும் அளவுக்கு நூல் வளையம் அமைத்துவிட்டால் கொக்கி வேண்டியதில்லை. மலிவான உலோகக் கொக்கிகளில் கலந்துள்ள நிக்கல் சிலருக்குக் கழுத்தில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். பொத்தானுக்கு அக்குறை இல்லை. தில்லியில் இருப்போர் சாந்தினி சௌக்கின் கினாரி பஜாரில் இச்சிறு மணிகளை வாங்கலாம். அறுந்துபோன பழைய பாசிமணி மாலை வீட்டிலிருந்தால் கடைக்கும் போக வேண்டா.

இரண்டாவது, விதை மாலை. கோடையில் வடநாட்டுக் கடைத்தெருவெங்கும் முலாம்பழம் குவிந்திருக்கும். அதன் விதையை எறியாமல் வழுவழுப்புப் போகத் தேய்த்துக் கழுவுக. ஈரம் இருக்கும்போதே ஊசியால் ஒரு முனையில் துளையிடவேண்டும். காய்ந்தபின் குத்தினால் விதை பிளக்கும். வெண்ணிறமே அழகுதான். கபில நிறம் விரும்புவோர் திடமான தேயிலை டிகாக்ஷனில் ஓரிரவு ஊறவைக்கலாம். நிழலில் நன்றாக உலர்த்தி, விதைக்கொரு சிறு பாசிமணி இடையிட்டுக் கோத்தால், மல்லிகை மொட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டது போலிருக்கும். ஒரு மாலைக்குச் சுமார் நூறு விதை வேண்டும். ஈரம் எஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆதலால் உலர்த்துவதில் அவசரம் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. செக்கச் சிவந்து கருமூக்குடன் விளங்கும் குன்றிமணியைக் கண்டால் கோக்க ஆசை எழும். அது வேண்டவே வேண்டா! அவ்விதையினுள் கொடிய நஞ்சு உள்ளது. மேலோடு உடையாதவரை உள்ளே அடங்கியிருக்கும் அந்நஞ்சு, துளையிடும்போது வெளிப்படும். துளையிட்ட விதையைக் குழந்தை மென்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மூன்றாவது, துணி மாலை. ரவிக்கை தைத்து எஞ்சிய பட்டுத் துண்டை 75 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள நாடாவாக வெட்டுக. நீளம் போதாவிடில் இரு துண்டை இணைத்துக்கொள்ளலாம். நல்ல பக்கம் உள்ளே இருக்க நீளவாட்டில் மடித்துத் தைத்து, ஊக்கினைக் கொண்டு புரட்டினால் குழல் போலாகும். பஞ்சை ஒன்றரை சென்டிமீட்டர் உருண்டைகளாக இறுகத் திரட்டிப் பன்னிரண்டு செய்க. குழலின் நடுப்பகுதியில் ஒவ்வோர் உருண்டையாக நுழைத்து, இடையிடையே சரிகை நூலால் இறுகக் கட்டவும். எஞ்சிய இரு முனைகளையும் பிடரியில் முடிந்துகொள்ளலாம். சேலைக்கும் ரவிக்கைக்கும் பொருந்திய நிறத்தில் இத்தகைய மாலை எந்தப் பெரிய கடையிலும் கிடைக்காது.

மாலைகளைக் குளிக்குமுன் கழற்றிவிடுக. மழையிலும் மிகுந்த வியர்வையிலும் காகித மணி நெடுநாள் தாங்காது. வாசனைத் தைலம் நேரே படாமலும் பார்த்துக்கொள்க.

இதைக் கேட்ட நம் சங்கத்துப் பாட்டியம்மை ஒருவர், “எழுத்துள்ள தாளைக் கத்தரிப்பதா? சரஸ்வதி அல்லவா!” என்று கடிந்துகொண்டார். அவர் சொல்லைத் தட்ட நமக்கு மனமில்லை. நாட்காட்டியில் தெய்வப்படம் உள்ள பகுதியை எடுத்துவைத்துவிட்டு எஞ்சியதை வெட்டலாம் என்று சமாதானம் செய்துகொண்டோம். பாட்டியம்மையும் இணங்கி, இரண்டு மணி சுற்றிக் கொடுத்தார்.

அந்தச் சகோதரிக்கு விடை சொல்ல இயலாமல் திரும்பினோம் என்றோம் அல்லவா? அடுத்த வாரம் கத்தரிக்கோலும் பசையுமாக அவர் வீட்டுக்கே சென்று, நால்வர் அமர்ந்து மணி சுற்றினோம். அவருடைய மகனும் கல்லூரியிலிருந்து வந்து அளவுகோல் பிடித்துக் கோடு போட்டுக் கொடுத்தான். சித்திரைப் புத்தாண்டன்று, நீலமும் வெள்ளையுமான அம்மாலையோடு அவர் கூடத்திற்கு வந்தார். எல்லோருக்கும் முன்னே வந்து புள்ளி வைத்தார். “எங்கே வாங்கினீர்கள், அக்கா?” என்று இளம்பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சங்கிலி இன்னும் மீளவில்லை. அதைப்பற்றி அன்று எவரும் கேட்கவும் இல்லை.

வரும் கூட்டத்திற்கு வரும் சகோதரிகள் பழைய நாட்காட்டி ஒன்றும் கத்தரிக்கோல் ஒன்றும் கொண்டுவருமாறு வேண்டுகிறோம். கழுத்தில் என்ன இருந்தாலும், இல்லாவிட்டாலும், வாருங்கள்.