ஒரு செய்தி, இரு மொழி

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் நான் வாழ்ந்த அரசுக் குடியிருப்பில் மாலை ஏழு மணிக்கு இரண்டு தொலைக்காட்சிகள் ஒருங்கே முழங்கும். எங்கள் வீட்டில் தமிழ்ச் செய்தி. சுவருக்கு அப்பால், பீகாரிலிருந்து வந்து குடியேறிய அண்டை வீட்டாரிடம் இந்திச் செய்தி. இரு வீட்டுக்கும் இடையே இருந்தது ஒரு செங்கல் சுவர் மட்டுமே. எனினும் சில நாட்களில் இவ்விரு வீட்டாரும் இரு வேறு நாடுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பதாகவே தோன்றும். இரண்டையும் ஒருசேரக் கேட்டுப் பொருள் உணரக்கூடியவர் பெரும்பாலும் பெரியவர்கள் அல்லர். பள்ளியில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசிய பிள்ளைகளே. இக்கட்டுரை அத்தகைய பிள்ளைகளுக்காகவே எழுதப்பட்டது.

தொலைக்காட்சியும் இணையமும் அரசியலை எவ்வாறு மாற்றியுள்ளன என்று பேசுவோர் தேர்தலைப் பற்றியும் தலைவர்களின் விளம்பரங்களைப் பற்றியுமே மிகுதியாகப் பேசுவர். சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழும் குடும்பத்துக்கோ இச்செய்தி இன்னும் நெருக்கமானது. திரையில் ஓர் ஊரைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே, அவ்வூரில் வாழும் வெளியூர்க்காரர் அன்றிரவு அச்சமின்றி உறங்குவாரா என்பது அமைகிறது. அண்மைக் காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதனைத் தெளிவாகக் காட்டும்.

முதல் நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு காவிரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. சம்பா சாகுபடிக்கு நீர் வேண்டித் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாட்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுமாறு கருநாடகத்துக்கு நீதிமன்றம் செப்டம்பர் 5ஆம் நாள் ஆணையிட்டது. 12ஆம் நாள் அவ்வாணையைத் திருத்தி, வினாடிக்கு 12,000 கன அடி வீதம் 20ஆம் நாள் வரை திறக்கச் சொன்னது.

வழக்கின் பொருள் இவ்வளவே. கணக்கில் ஆர்வமுடைய மாணவர் ஒரு தாளை எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். வினாடிக்கு 15,000 கன அடி என்பது ஒரு நாளைக்கு ஏறத்தாழ 130 கோடி கன அடி. பத்து நாட்களுக்கு 1,300 கோடி கன அடி. செய்தித்தாள்கள் இதனை 13 டி.எம்.சி. என்று எழுதும். அவ்வளவு நீரைத் தருமளவுக்குக் கிருஷ்ணராஜ சாகர் முதலிய அணைகளில் இருப்பு இருந்ததா? பெங்களூரு நகரின் குடிநீருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? தஞ்சைப் பகுதி உழவர் நாற்று விடுவதற்கு எந்நாள் வரை காத்திருக்க இயலும்? பொது உரையாடல் என்ற ஒன்று அந்நாட்களில் நடந்திருக்குமானால், அது இவ்வினாக்களைப் பற்றியே நடந்திருக்க வேண்டும்.

நடந்ததோ வேறு. பெங்களூருவில் தமிழ் இளைஞர் ஒருவர் கன்னடத் திரை நடிகர்களை எள்ளி முகநூலில் எழுதினார். சிலர் அவரைத் தேடிப் பிடித்து அடித்து, மன்னிப்புக் கேட்கச் செய்தனர். அதனைத் தாமே படம்பிடித்துப் பரப்பவும் செய்தனர். அக்காணொளி தமிழகத்தில் அலைபேசிதோறும் பரவிற்று. இராமேசுவரத்தில் கருநாடகத்திலிருந்து வந்த ஓட்டுநர் ஒருவரைச் சிலர் அடித்து, அதையும் படம்பிடித்தனர். அது கருநாடகத்தில் பரவிற்று. 12ஆம் நாள் சென்னையில் கருநாடகத்தார் நடத்திய உணவகம் ஒன்று தாக்கப்பட்டது. அன்றே பெங்களூருவில் தமிழகப் பதிவெண் கொண்ட வண்டிகள் கொளுத்தப்பட்டன. ஒரே பணிமனையில் நிறுத்தப்பட்டிருந்த பல பேருந்துகள் எரிந்து சாம்பலாயின. நகரின் பல பகுதிகளில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பும் நேர்ந்தது.

இவ்விரு காணொளிகளும் பொய்யல்ல என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இளைஞர் அடிபட்டதும் உண்மை. ஓட்டுநர் அடிபட்டதும் உண்மை. ஆனால் முன்னதைத் தமிழ் பேசுவோரும் பின்னதைக் கன்னடம் பேசுவோருமே பெரிதும் பார்த்தனர். தம் இனத்தார் அடிபடுவதை மட்டும் கண்டவர்கள், மற்றவரெல்லாம் அடிப்பவர் என்று எண்ணியதில் வியப்பில்லை. பொய்ச் செய்தியை விலக்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பது நல்லது. மெய்யான செய்தியும் பாதியாகப் பங்கிடப்பட்டால் தீங்கு செய்யும்.

எரியும் பேருந்து கண்ணைப் பறிக்கும். வறண்ட நாற்றங்கால் அவ்வாறு பறிக்காது. தனியார் அலைவரிசைகளின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. விளம்பரமோ பார்ப்போரின் எண்ணிக்கையைப் பொறுத்து வருவது. நாள் முழுவதும் செய்தி காட்ட வேண்டியவர்களுக்கு ஒரு தீயே ஓர் இரவுக்குப் போதுமானது. அதே பேருந்து, அதே தீ, பத்தாம் முறையாகக் காட்டப்படுகிறது என்பதை இடையில் வந்து அமர்பவர் அறியமாட்டார். ஊரே எரிவதாக அவர் எண்ணிக்கொள்வார். அவ்வாறு எண்ணிய உறவினர் தஞ்சையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பெங்களூருவுக்குத் தொலைபேசியில் அழைத்தவண்ணம் இருந்தனர். கலவரம் தொடாத தெருக்களில் இருந்த தமிழ்க் குடும்பத்தார் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே அமைதியாகத்தான் இருக்கிறது என்று விடை கூறினர். பிறகு தாமும் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டனர். தம் கண்ணைவிடத் திரையை நம்பினர். என் தமக்கை குடும்பமும் அவர்களுள் ஒன்று.

இரவு நேர விவாத நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு சொல். திரையைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றில் ஆறு பேரையோ எட்டுப் பேரையோ அமர்த்துகின்றனர். எவராயினும் கன அடிக் கணக்கைச் சொல்லத் தொடங்கினால், நேரம் இல்லை என்று நெறியாளர் இடைமறிக்கிறார். சினந்து கூச்சலிடுபவருக்கு மட்டும் நேரம் தாராளமாகக் கிடைக்கிறது. வினா எழுப்புவோர் பலர். விடைக்குக் காத்திருப்போர் ஒருவரும் இலர். இதனை விவாதம் என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி என்பது என் கருத்து.

இவ்வளவு கூறியபின் ஒரு மறுப்பையும் நானே எழுப்பிக்கொள்ள வேண்டும். 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை மத்திய அரசிதழில் வெளிவந்தபின், பெங்களூருவில் தமிழருக்கு எதிராக இதனினும் கொடிய வன்முறை நிகழ்ந்தது. அன்று இந்தியாவில் இருபத்துநான்கு மணி நேரச் செய்தி அலைவரிசையும் இல்லை, அலைபேசியும் இல்லை. எனவே பகைமையைத் திரைதான் பெற்றெடுத்தது என்று கூற இயலாது. அரசுத் தொலைக்காட்சி ஒன்றே இருந்த அக்காலத்தைப் பொற்காலம் என்று புகழவும் நான் விரும்பவில்லை. அரசு சொல்ல விரும்பாததை அக்காலத்தில் திரையில் காண்பது அரிது.

மாறியது காலத்தின் அளவே. அன்று ஓர் ஊரின் செய்தி மறுநாள் காலை நாளிதழில்தான் மற்றோர் ஊரை எட்டும். இடையில் ஓர் இரவு இருந்தது. அவ்விரவில் செய்தியாளர் ஒருவர் காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் சென்று உசாவுவார். ஆசிரியர் ஒருவர் எழுதியதைத் திருத்துவார். அயலூரில் இருப்போரின் சினமும் சற்றே தணியும். இப்போது அவ்விரவு இல்லை.

இரண்டாம் நிகழ்ச்சி 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நடந்தது. இம்முறை அஞ்சியவர்கள் தமிழர் அல்லர். தமிழகத்துக்குப் பிழைக்க வந்த பீகார்த் தொழிலாளர்கள். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் கோவையின் தொழிற்கூடங்களிலும் அவர்கள் பெருந்தொகையினராகப் பணிபுரிகின்றனர். தமிழகத்தில் இந்தி பேசும் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று கூறும் காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. சில செய்தி நிறுவனங்களும் அதனை உண்மை போலவே வெளியிட்டன. பீகார்ச் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது.

தமிழகக் காவல்துறைத் தலைவர் உடனே மறுப்பு வெளியிட்டார். பரவிய காணொளிகளுள் ஒன்று, பீகார்த் தொழிலாளர்களிடையே இரு பிரிவினர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் தமக்குள் மோதிக்கொண்டது என்று அவர் விளக்கினார். இரு மாநில முதலமைச்சர்களும் பேசிக்கொண்டனர். பீகார் அரசு நால்வர் குழு ஒன்றை அனுப்பியது. அக்குழு தமிழகம் வந்து தொழிலாளரிடம் நேரில் உசாவி, பரவிய காணொளிகள் உண்மையல்ல என்று அறிந்தது. பொய் பரப்பியோர் மீது வழக்குகள் பதிவாயின. எனினும் அதற்குள் தொழிலாளர் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு தொடர்வண்டி நிலையம் சென்றுவிட்டனர். ஹோலிப் பண்டிகைக்காகச் சென்றவர் எவர், அச்சத்தால் சென்றவர் எவர் என்று பிரித்தறிய இயலாத நிலை.

இப்பொய் ஏன் திருப்பூரில் பிறக்காமல் தொலைவில் வளர்ந்தது? தமிழ் தெரியாத ஊர்களில் அக்காணொளியின் ஓசை வெறும் கூச்சல். தமிழ் தெரிந்தவர் கேட்டால், எவர் எவரை ஏசுகிறார், எதற்காக ஏசுகிறார் என்பது முதல் வரியிலேயே விளங்கிவிடும். வதந்தி ஒரு மொழியின் எல்லையைக் கடந்ததும், அதனைக் கேள்வி கேட்போர் குறைந்துவிடுகின்றனர். 2016இல் தமிழும் கன்னடமும் அறிந்தோர் இரு காணொளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கலாம். 2023இல் தமிழும் இந்தியும் அறிந்தோர் பொய்யை அதன் ஓசையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். இரண்டிலும் தேவைப்பட்டவர் ஒரே வகையினர்.

அரசும் நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. 2012இல் வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற வதந்தியால் பெங்களூருவிலிருந்து அம்மக்கள் கூட்டங்கூட்டமாகக் குவாகாட்டிக்குத் தொடர்வண்டி ஏறியபோது, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதற்குச் சில நாட்கள் வரம்பு விதிக்கப்பட்டது. வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட 2018ஆம் ஆண்டில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு 2020இல் அவ்வரம்பு ஒன்றாகச் சுருக்கப்பட்டது. இவை பயன்தரும் ஏற்பாடுகளே.

ஆனால் கலவரம் என்றதும் இணையத்தையே துண்டிக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. வதந்தியோடு அதற்கான மறுப்பும் நின்றுவிடுகிறது. மகன் நலமா என்று கேட்கும் தாய்க்கு விடையும் கிடைக்காமற் போகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது எங்கே உணவு உண்டு, எந்த வீட்டில் தங்கலாம் என்று வெளியூர்களில் இருந்தோர் பட்டியல் தொகுத்து வழங்கியது இதே இணையத்தின் வழியாகத்தான். 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர் திரண்டதும் இதே அலைபேசிகளால்தான். கருவியைப் பூட்டிவைப்பது எளிது. மொழி அறிந்து விளக்குபவரைத் தேடுவது சற்றுக் கடினம். அதனாலேயே அரசுகள் முன்னதைச் செய்கின்றன போலும்.

அரசியல் பேச்சு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று சில பெற்றோர் கூறுவர். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கருத்து வேறுபாடும் உண்டு. வீட்டில் நாள்தோறும் நான்கு மணி நேரம் முழங்குவது அரசியல் பேச்சுதானே? பிள்ளை அதனைக் கேட்காமல் காதை மூடிக்கொண்டா பாடம் படிக்கிறது?

2023 மார்ச்சில் ஒரு மாலை. சுவருக்கு அப்பால் இருந்த அப்பெரியவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளிறியிருந்தது. அலைபேசியில் வந்த ஒரு காணொளியைக் காட்டி, உங்கள் ஊரில் எங்கள் பிள்ளைகளை இப்படிச் செய்கிறார்களே என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்த என் மகள் அதனை வாங்கி ஒலியைக் கூட்டிக் கேட்டாள். பிறகு இரண்டாம் முறையும் கேட்டாள். அடிப்பவரும் தமிழ் பேசுகிறார், அடிபடுபவரும் தமிழே பேசுகிறார், கொடுத்த பணத்தைப் பற்றி ஏதோ சண்டையிடுகிறார்கள் என்று அவருக்கு இந்தியில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாள். வண்டியின் பெயர்ப் பலகையையும் படித்துக் காட்டினாள்.

அவர் முழுவதும் நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் நின்றார். அக்காணொளியைத் தம் ஊர்க் குழுவுக்கு அனுப்பவிருந்தவர், அனுப்பாமல் அலைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மீண்டும் வெளியே எடுத்து, திருப்பூரில் ஆலை வேலைக்குச் சென்றிருந்த தம் தமக்கை மகனை அழைத்தார். மறுமுனையில் இயந்திர ஓசை பலமாகக் கேட்டது. அவன் இரவு வேலையில் இருந்தான். காலையில் பேசுகிறேன் மாமா என்று சொல்லி வைத்துவிட்டான்.