பறக்காத விமானம்!

ஒரு விமானம் இருக்கிறது. அதற்கு இறக்கை கிடையாது. வால் கிடையாது. எண்ணெய் ஊற்ற வேண்டாம். தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாது.

ஆனால், அதில் உட்கார்ந்தவர் மீனம்பாக்கத்தில் கிளம்பி மதுரையில் இறங்குகிறார்!

விடுகதை போல் இருக்கிறதா? விடை இதுதான்: வீட்டிலேயே செய்த விமானி அறை.

பெரிய விமானத்தின் மூக்குப் பகுதியில் விமானிகள் இருவர் உட்கார்ந்து ஓட்டுகிறார்களே, அந்த அறையைப் போலவே வீட்டின் ஒரு மூலையில் செய்கிறார்கள். ஆசனம், பிடி, கால்மிதி, சுவிட்சுகள், விளக்குகள் எல்லாம் உண்டு. கண்ணாடி ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் திரை இருக்கும். பிடியைத் தம் பக்கம் இழுத்தால், திரையில் பூமி கீழே போகும். பிடியைச் சாய்த்தால், அடிவானம் சாயும். இதற்குச் 'சிமுலேட்டர்' என்று பெயர்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் பலர். பிரான்சு நாட்டில் ஒருவர் தம் பிள்ளைகள் படுக்கும் அறையிலேயே போயிங் 737 விமானி அறையைச் செய்துவிட்டார்.

"அது வெளிநாட்டார் சங்கதி. ஒரகடத்துக்கும் அதற்கும் என்ன?" என்று கேட்கலாம்.

வேறு எந்த ஊரையும்விட ஒரகடத்துக்குத்தான் அது பொருந்தும் என்பது நம் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

ஆர்மோனியத்தில் பிறந்த விமானம்

முதலில் ஒரு கதை. கட்டுக்கதை அல்ல, நடந்த கதை.

அமெரிக்காவில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே எட்வின் லிங்க் என்று ஓர் இளைஞர். அவருடைய தந்தை பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் என்பது நம் ஆர்மோனியத்துக்கு அண்ணன். துருத்தி காற்றைத் தள்ளும்; இசை எழும்.

லிங்குக்கு விமானம் ஓட்ட ஆசை. கற்றுக்கொள்ளவோ நிறையப் பணம் ஆயிற்று. என்ன செய்தார் தெரியுமா?

ஆர்கன் துருத்திகளை எடுத்தார். ஒரு சின்ன மரப் பெட்டியின் அடியில் வைத்தார். பெட்டிக்குள் ஆசனமும் பிடியும் பொருத்தினார். பிடியை அசைத்தால் துருத்தியில் காற்று ஏறும், இறங்கும். பெட்டி விமானம் போலவே சாயும், நிமிரும். 1929ஆம் ஆண்டு அந்தப் பெட்டி தயாராயிற்று.

விமானப் பள்ளிகள் அதை மதிக்கவில்லை. விளையாட்டுச் சாமான் என்று நினைத்து, வேடிக்கைப் பூங்காக்காரர்கள்தான் வாங்கினார்கள்!

1934ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்கத் தபால்களை ராணுவ விமானங்கள் சுமக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. பனி, இருட்டு, மேகம்! விமானிகள் பலர் விழுந்து இறந்தார்கள். மேகத்துக்குள் போனால், மேல் எது, கீழ் எது என்று மனிதனுக்குத் தெரியாது. கருவியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அதை அவர்களுக்கு யாரும் சரியாகப் பழக்கவில்லை.

அப்போதுதான் ராணுவத்துக்கு லிங்கின் பெட்டி நினைவுக்கு வந்தது. 6 பெட்டிகளை வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் சுமார் 5 லட்சம் பேர் அந்தப் பெட்டியில் பழகிவிட்டார்கள்!

இன்று பயணி விமானம் ஓட்டுகிற ஒவ்வொருவரும் சிமுலேட்டரில் பழகித்தான் வருகிறார். எஞ்சினில் தீப்பிடித்தால் என்ன செய்வது? அதை ஆகாயத்தில் தீ வைத்தா பழக முடியும்?

விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிய பெட்டிதான் இன்று உயிரைக் காக்கிறது.

டயரும் விமானமும்

இன்னொரு சேதி. இது ஒரகடத்துக்காரர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

விமானக் கம்பெனிகள் வைத்திருக்கும் பெரிய சிமுலேட்டர், 6 கால்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு காலும் நீளும், குறுகும். அதனால் அறை முழுவதும் முன்னே சாயும், பின்னே சாயும், குலுங்கும்.

இந்த 6 கால் இயந்திரத்தை முதலில் எதற்காகச் செய்தார்கள்? விமானத்துக்கு அல்ல, டயருக்கு! இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் இருந்த டன்லப் டயர் தொழிற்சாலையில் எரிக் காஃப் என்ற எஞ்சினீயர், டயரை எல்லாப் பக்கமும் சாய்த்து, அழுத்திச் சோதிக்க 1950களில் இதைச் செய்தார். விமானச் சிமுலேட்டருக்கு இத்தகைய மேடையைப் பயன்படுத்தலாம் என்று 1965ஆம் ஆண்டு ஸ்டூவர்ட் என்பவர் விளக்கி எழுதினார்.

ஆகவே, டயர் செய்கிற ஊருக்கும் விமானி அறைக்கும் உறவு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஒரகடத்தில் டயர் செய்கிறார்கள். கார் செய்கிறார்கள். லாரி, மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள். பக்கத்தில் வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே ஒரு பூங்கா அமைந்திருக்கிறது.

ஒரு திருகாணி

ஆனால் ஒரு குறை. தொழிற்சாலையில் ஒருவர் கதவு மாட்டுகிறார். ஒருவர் வயர் இழுக்கிறார். ஒருவர் காலை முதல் மாலை வரை ஒரே திருகாணியை முடுக்குகிறார். வேலை அப்படித்தான் நடக்க வேண்டும். அதில் தவறு இல்லை. ஆனால், பத்து வருஷம் திருகாணி முடுக்கியவருக்கு முழு வண்டியும் தெரியுமா?

வீட்டில் விமானி அறை செய்கிறவருக்கு முழுவதும் தெரிந்தாக வேண்டும். பலகை அறுக்க வேண்டும். அளவு எடுக்க வேண்டும். வயர் பற்றவைக்க வேண்டும். புரோகிராம் எழுத வேண்டும். தச்சர், எலெக்ட்ரீஷியன், கணக்கு வாத்தியார், விமானி நால்வரும் ஒரே ஆளாக வேண்டும்!

செய்யும் முறையும் மாயம் அல்ல. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருக்கிறதே, அதே போன்ற குமிழைப் பிடியின் அடியில் பொருத்துகிறார்கள். 'ஆர்டுயினோ' என்று உள்ளங்கை அளவு சின்ன மின் பலகை ஒன்று உண்டு. குமிழ் திரும்பும்போது அந்தப் பலகை அதை 0 முதல் 1,023 வரை ஓர் எண்ணாக மாற்றுகிறது. எண் கம்ப்யூட்டருக்குப் போகிறது. திரையில் விமானம் சாய்கிறது. அவ்வளவுதான்!

குமிழும் சுவிட்சும் பலகையும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பழைய கார் ஆசனம் புதுப்பேட்டையில் கிடைக்கும். 'ஃபிளைட்கியர்' என்ற புரோகிராமைப் பல நாட்டு ஆர்வலர்கள் 1990களிலிருந்து சேர்ந்து எழுதிவருகிறார்கள். அதற்குக் காசு இல்லை.

பல்லாவரமும் குரோம்பேட்டையும்

நம் பக்கத்தில் இது புதிதும் அல்ல. சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்தியவர் டி'ஆஞ்சலிஸ். அவர் தாமே திட்டம் போட்டு, சிம்சன் கம்பெனியார் உதவியுடன் ஒரு விமானம் செய்தார். 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டார். அவருடைய தொழில் சோறு; ஆசை ஆகாயம்!

அப்துல் கலாமை எல்லாருக்கும் தெரியும். அவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே 2 பழைய விமானங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவை பறக்காதவை. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும், தாம் அவற்றின் அருகே உட்கார்ந்திருந்ததாகக் கலாம் தம் சுயசரிதையில் சொல்கிறார்.

பிறகு டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போனார். தேர்வில் 25 பேர். இடம் 8 பேருக்கு. கலாம் வந்தது 9ஆவது!

விமானி ஆகும் கனவு போயிற்று. ஆனால், பறக்காத விமானத்தின் அருகில் வளர்ந்த ஆசை போகவில்லை. அது ராக்கெட்டாயிற்று. பிறகு அவர் நாட்டின் ஜனாதிபதியும் ஆனார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளை பழைய சுவிட்சையும் வயரையும் வீட்டில் பரப்பி வைத்தால், "குப்பை" என்று தூக்கி எறியாதீர்கள். என்ன செய்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மகன் மட்டும் அல்ல, மகளும்தான். நம் நாட்டில் பெண் விமானிகளின் விகிதம் உலகச் சராசரியைவிட அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால், கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் வேண்டாம்.

கடன் வாங்கிச் செய்யாதீர்கள். முதல் மாதம் ஒரு பிடி, அடுத்த மாதம் ஒரு சுவிட்சுப் பலகை என்று சிறுகச் சிறுகச் சேருங்கள். சின்ன மின் பலகைக்கு 5 வோல்ட் போதும். சுவரில் இருக்கும் 230 வோல்ட் மின்சாரம் ஆளைக் கொல்லும். அந்த வேலைக்கு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. இதில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தாலும் விமானி லைசென்ஸ் வராது. விமானம் ஓட்டுவதைத் தொழிலாகச் செய்வதற்கான லைசென்சுக்கு உண்மையான விமானத்தில் 200 மணி நேரம் பறக்க வேண்டும். செலவு பல லட்சம். பிள்ளைக்குப் பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். விமானி ஆகாவிட்டாலும், விமானத்தைச் செய்கிறவர், பழுது பார்க்கிறவர் ஆகலாம். அந்த வேலையும் உயர்ந்த வேலையே.

கம்பெனிகளுக்கு ஒரு கோரிக்கை

ஒண்டுக் குடித்தனத்தில் இருக்கும் தொழிலாளி வீட்டில் விமானி அறைக்கு இடம் ஏது? ஐந்து பேர் படுக்கவே இடம் போதவில்லையே!

இங்கேதான் கம்பெனிகள் முன்வர வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் சுற்று வட்டாரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

அந்தப் பணத்தில் ஒரகடத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் அரசுப் பள்ளிக்கு ஓர் அறை கட்டிக் கொடுங்கள். கழித்துப் போடும் ஆசனம், வயர், கம்ப்யூட்டர் திரை ஆகியவற்றை அங்கே கொடுங்கள். வாரம் ஒரு நாள் உங்கள் எஞ்சினீயர் ஒருவரை அனுப்புங்கள். பிள்ளைகள் சேர்ந்து ஒரு விமானி அறை செய்யட்டும். ஒரு வருஷம் ஆகட்டும், இரண்டு வருஷம் ஆகட்டும். பரவாயில்லை.

நிலம் கொடுத்த ஊர் இது. உழைப்பும் கொடுக்கிற ஊர். அதன் பிள்ளைகளுக்கு ஓர் அறை கேட்பது பெரிய கோரிக்கையா?

இன்று தலைக்கு மேல் விமானம் போனால், ஒரகடத்துச் சிறுவர்கள் தெருவில் நின்று கை காட்டுகிறார்கள். அந்த அறை வந்துவிட்டால், "அதோ, சக்கரத்தை இறக்கிவிட்டான், இனி வேகத்தைக் குறைப்பான்" என்று பக்கத்துப் பையனுக்கு விளக்கிச் சொல்வார்கள்.

கை காட்டுகிற பிள்ளை, விளக்கிச் சொல்லும் பிள்ளை ஆக வேண்டும். அதற்குப் பறக்காத விமானம் ஒன்று போதும்!