வளர்ற குழந்தைக்கு வளராத சட்டை

பாப்பாவுக்கு வீட்டுலயே துணி தைக்கக் கத்துக்கறேன்னு யார்கிட்ட சொன்னாலும் பதில் ஒரே மாதிரிதான் வருது. "எவ்வளவு மிச்சமாகுது?" ஆபீஸ்ல கேக்கறாங்க, மாமியார் வீட்டுல கேக்கறாங்க, மாடி வீட்டு அக்கா கேக்கறாங்க. பைசா மிச்சமாகலீங்க. மீட்டர் 120 ரூபாய்னு காட்டன் பாப்ளின் ஒரு மீட்டர், நூல், பட்டன், எலாஸ்டிக், அது போக ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முழுசும். பொட்டி தட்டி சம்பாதிக்கற நேரத்தை வச்சுக் கணக்கு போட்டா அந்தக் குட்டி கவுன் பட்டுப்பாவாடை விலைக்கு வந்து நிக்கும். (ரங்கமணி போட்டே காட்டிட்டார். எக்ஸெல் தெரிஞ்ச மனுஷன், என்ன பண்றது :-))

எனக்கு இதுல கிடைக்கற லாபம் வேற. உள்ள விடற துணி.

கடையில வாங்கின கவுன் ஒன்னை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பக்கத் தையலுக்கு வெளியே கால் இன்ச், மிஞ்சிப்போனா அரை இன்ச் துணி இருக்கும். அதையும் ஓவர்லாக் மிஷின் கத்தியால நறுக்கி, நூலால சுத்தி மூடியிருக்கும். கீழ மடிப்பு அரை இன்ச். பிரிச்சு விடறதுக்கு அங்க ஒன்னுமே கிடையாது. ஃபேக்டரிக்காரங்க மேல நான் தப்பு சொல்லல. ஒரு சட்டையோட செலவுல துணிதான் பெரிய பங்கு. ஆயிரக்கணக்குல வெட்டும்போது ஒவ்வொன்னுக்கும் ஒரு இன்ச் கூட விட்டா கட்டுப்படியாகாது. ஆனா போட்டுக்கப் போற ஆள் மாசாமாசம் நீளுவாங்கற விஷயம் அந்தச் சட்டையில எங்கயுமே இல்ல. நம்ம பாஷையில சொன்னா, யூசர் வளருவார்னு ரிக்வயர்மென்ட்ல யாரும் எழுதல.

வளர்றதுன்னா எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். பெண் குழந்தைக்கு நடு உயரம் 2 வயசுல ஏறக்குறைய 86 செ.மீ., 3 வயசுல 95, 4 வயசுல 103, 5 வயசுல 109. இப்ப தலைச் சுற்றளவைப் பாருங்க. 2 வயசுல 47 செ.மீ., 5 வயசுல 50. அதாவது மூணு வருஷத்துல ஆள் 23 செ.மீ. நீளறா, தலை 3 செ.மீ. பெருக்குது. மார்பும் மெதுவாத்தான் அகலமாகுது. ஐரோப்பாவுல குழந்தைத் துணிக்கு வயசு போடாம உயரத்தை வச்சே சைஸ் போடறாங்க: 86, 92, 98, 104. ஆறு ஆறு சென்டிமீட்டரா ஏறும். ரெண்டுலேர்ந்து மூணு வயசுக்குள்ள ஒரு குழந்தை ஒன்றரை சைஸ் தாண்டிடும். நம்ம கடையில "2-3 வயசு"ன்னு ஒரே சீட்டை ஒட்டிக் கொடுத்துடறாங்க.

இந்த நம்பர்லாம் தைக்கறவங்களுக்கு எதுக்குன்னா, துணியை எங்க விடணும்னு இது சொல்லிடும். பாதி பேர் "வளர்ற புள்ளை, பெருசா தை"ன்னு எல்லாப் பக்கமும் பெருசாக்கிடறாங்க. கழுத்து தோள்ல வழியுது, குழந்தை அதை ஏத்தி விட்டுட்டே திரியுது. கழுத்தைப் பெருசாக்க வேண்டியதே இல்ல, அது தலை நுழையற அளவுக்கு இருந்தா போதும். அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. ரெண்டு வயசுத் தலைக்கு 19 இன்ச் வழி வேணும், கழுத்தோ அதுல பாதி சொச்சம்தான். பெரியவங்க ஜாக்கெட் அளவை அப்படியே சின்னதாக்கினா தலை போகாது. பின்னாடி திறப்பு வச்சு பட்டன் போடறதோ, தோள்பட்டையில பட்டன் வைக்கறதோதான் வழி.

எனக்குப் பிடிச்சது தோள்பட்டை பட்டன். கையில்லாத கவுன், முன்பக்கம் பட்டன், பின்பக்கத்துலேர்ந்து வர்ற பட்டையில காஜா. பட்டையை ரெண்டு இன்ச் நீளமா தச்சு, காஜாவை ஒன்னுக்கு ரெண்டா எடுத்துடுவேன். ஆறு மாசம் கழிச்சு அடுத்த காஜாவுக்கு மாத்தினா கவுன் கீழ இறங்கும், கூடவே கைக்குழியும் இறங்கும். குழந்தைத் துணியில சீக்கிரம் பிடிக்கற இடம் அந்தக் கைக்குழிதான். இடுப்பு இல்ல, நீளம் இல்ல. ரெடிமேட்ல அதை மாத்த வழியே கிடையாது.

நீளத்துக்கு டக். தோள்லேர்ந்து முழங்கால் வரைக்கும் உயரத்துல ஏறக்குறைய பாதின்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 9 செ.மீ. வளர்ந்தா கவுன் நாலரை செ.மீ., தோராயமா 2 இன்ச் நீளணும். அரை இன்ச் டக் ஒன்னு பிடிச்சா ஒரு இன்ச் துணி உள்ள போகும். ரெண்டு டக், ஒரு வருஷம். இதை மட்டும் பெரிய தையலா போடுங்க, பிரிக்கறப்போ துணி கிழியாம வரும். பக்கத்துல ஒரு இன்ச் விட்டு, ஓரத்தை மடிச்சு அடிச்சா போதும். பிரெஞ்சு தையல் அழகா இருக்கும், ஆனா ஓரத்தை உள்ளயே வச்சுப் பூட்டிடும், அப்புறம் விட முடியாது. வெட்டறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்கத் துணியைத் தண்ணியில ஊற வச்சு, நிழல்ல காயப் போட்டு, இஸ்திரி போட்டுடணும். இல்லேன்னா காட்டன் முதல் துவைப்புலயே சுருங்கி, நீங்க விட்ட அந்த ரெண்டு இன்ச்சைத் தின்னுடும்.

இவ்வளவு பேசறேனே, எனக்கு டக் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவங்களுக்கு இது சுத்தமா பிடிக்கல. அம்மாவைத்தான் சொல்றேன்.

மதுரையில நாங்க இருந்தப்போ அம்மா காலால மிதிக்கற மிஷின்ல அக்கம்பக்கத்து ஜாக்கெட், பாவாடை எல்லாம் தச்சுக் கொடுப்பாங்க. என் இஞ்சினியரிங் ஃபீஸ்ல அந்தக் காசும் இருக்கு. என்னை மிஷின் பக்கமே விட மாட்டாங்க. "போய்ப் படி. இது உனக்கு வேண்டாம்." என் ஸ்கூல் யூனிஃபார்ம் பாவாடையில மூணு டக் இருக்கும். வருஷத்துக்கு ஒன்னா பிரிப்பாங்க. பிரிச்ச இடத்துல சாயம் போகாத அடர்நீலக் கோடு ஒன்னு பாவாடையைச் சுத்தி ஓடும். அந்தக் கோட்டைப் பார்த்தாலே கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடும், இது போன வருஷத்துது, அது அதுக்கு முந்தின வருஷத்துதுன்னு. மரத்தை வெட்டி வயசு எண்ணுவாங்களே, அந்த மாதிரி. ஏழாவதுல ஒருத்தி எண்ணிக் காட்டினா. இன்னிக்கும் அவ முகம் ஞாபகம் இருக்கு.

அதனால அம்மா கேக்கறதுல நியாயம் இருக்கு. "நான் இல்லாத கொடுமைக்கு உள்ள விட்டுத் தச்சேன். உனக்கென்னடி தலையெழுத்து? நல்லா கடையில வாங்கிப் போடு." அவங்களுக்கு உள்ள விடற துணின்னா வறுமை. பேத்தி ஒவ்வொரு தடவையும் புதுசு போடணும், அதான் அவங்க ஜெயிச்சதுக்கு அடையாளம். நான் "வேஸ்ட் ஆகக் கூடாதும்மா"ன்னு ஆரம்பிச்சா, அஞ்சு நிமிஷத்துல சண்டைதான்.

என் பக்கத்தையும் கேளுங்க. போன வருஷம் பாப்பா பிறந்தநாளுக்கு வந்த கவுன் ஏழு. அதுல நாலு நெட். சென்னை மே மாசத்துல நெட் கவுன் போட்டா குழந்தை கழுத்து, அக்குள் எல்லாம் வேர்க்குரு. நைலான் ஓரம் உரசி சிவந்து போயிடுது. ஏழும் இப்ப பரண் மேல. அதே வருஷம் நான் தச்ச மஞ்சப் பூப்போட்ட காட்டன் கவுன், காஜா ஒரு தடவை மாறி, ஒரு டக் பிரிஞ்சு, இன்னும் ஓடுது. பாப்பாவே அதைத்தான் தேடி எடுத்துட்டு வர்றா. துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆயிடுச்சு இல்லையா. பிடிச்ச துணி மெத்துனு ஆகற நேரத்துல சின்னதா போயிடறதுதான் ரெடிமேட்ல எனக்கு இருக்கற பெரிய குறை.

எல்லாத்தையும் வீட்டுல தைக்கணும்னு நான் சொல்லல. பனியன் துணியைத் தொடாதீங்க. இழுத்தா நீள்ற துணிக்கு ஓவர்லாக்கும், முனை உருண்ட ஊசியும் வேணும். சாதா மிஷின்ல தச்சா தையல் அலை அலையா போகும், போடறப்போ பட்டுனு அறுந்துடும். அதைத் திருப்பூர்க்காரங்ககிட்ட விட்டுடலாம், அவங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. கழுத்துல நாடா வச்சுக் கட்டற மாடலும் வேண்டாம். ஊஞ்சல்லயோ சறுக்குமரத்துலயோ நாடா மாட்டிக் குழந்தைங்க இறந்து போனதுனால, அமெரிக்காவுல 1996-லயே கழுத்து நாடா வேண்டாம்னு வழிகாட்டி போட்டு, 2011-ல விதியாவே ஆக்கிட்டாங்க. பட்டன் வச்சா நூலை நாலஞ்சு தடவை ஓட்டி இழுத்துப் பாருங்க, வாயில போடற வயசு.

போன வாரம் மஞ்ச கவுன்ல டக்கைப் பிரிச்சேன். எதிர்பார்த்தபடி கோடு. அம்மா ஓரமா நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. அப்புறம் அவங்களே பெட்டியைக் கிளறி, வெள்ளை ஜிக்ஜாக் லேஸ் ஒன்னரை மீட்டர் எடுத்து, கோட்டு மேலயே வச்சு ஓட்டிக் கொடுத்தாங்க. இப்ப அது டிசைன் மாதிரி இருக்கு. "இது அப்பவே தெரியுமாம்மா?"ன்னு கேட்டேன். "தெரியும். லேஸுக்குத்தான் காசில்ல"ன்னாங்க, மிஷினைப் பார்த்துட்டே.

அடுத்த ஜூன்ல பாப்பா எல்.கே.ஜி. யூனிஃபார்ம் விசாரிக்கப் போயிருந்தேன். அவங்க சொல்ற கடையில ரெடிமேடாத்தான் வாங்கணுமாம். "துணியா கொடுங்க, அளவு மாறாம நான் தச்சுக்கறேன்"னேன். அப்படி வழக்கமில்லைன்னுட்டாங்க. சாம்பிளை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஓவர்லாக், கால் இன்ச். ரெண்டு சைஸ் பெருசா ஒன்னு வாங்கி, தோள்லயும் கீழயும் நானே டக் பிடிச்சுடலாமான்னு இன்ச் டேப்போட உக்காந்திருக்கேன்.

டிஸ்கி: ரங்கமணியும் மிஷின் மிதிக்கக் கத்துக்கறார். சக்கரம் பின்னாடி சுத்தி நூல் அறுறப்போ எல்லாம் "இதை ரீஸ்டார்ட் பண்ண முடியாதா"ன்னு கேக்கறார். :-)