தொலைத்தது சர்க்கார், தேடுவது சிப்பாயா?

காயம் பட்டது சிப்பாய்க்கு. அதை எழுதி வைத்த காகிதத்தைக் காப்பாற்றத் தவறியது சர்க்கார். இன்று "காயம் பட்டதற்கு அத்தாட்சி எங்கே?" என்று அதட்டுவதும் சர்க்கார். பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் சிப்பாய்!

அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் கூத்து இது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளில் இருந்தவர்கள் 1 கோடியே 60 லட்சம் பேருக்கு மேல். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாருமே நூறு வயதை ஒட்டியவர்கள். 1950-ல் தொடங்கிய கொரியாப் போருக்குப் போனவர்களும் தொண்ணூறைத் தொட்டுவிட்டார்கள்.

அப்படி ஒரு பட்டாளத்துத் தாத்தா தன் பெட்டியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய பதக்கங்களில் ஒன்று இல்லை. படையை விட்டு வந்தபோது கொடுத்த விடுவிப்புச் சான்றை எடுத்துப் பார்க்கிறார். அதிலும் அந்தப் பதக்கத்தின் பெயர் இல்லை. குண்டுச் சில் பாய்ந்த தழும்பு மட்டும் தோளில் அப்படியே இருக்கிறது.

தழும்பைக் காட்டினால் போதாதா? போதாது! காகிதம் வேண்டும்.

"இந்த வயதில் பதக்கம் எதற்கு? பேரன் விளையாடவா?" என்று சிலர் கேட்கலாம். அப்படிக் கேட்கிறவர்களுக்குச் சண்டையும் தெரியாது, சட்டமும் தெரியாது. எதிரியால் காயம் பட்டவர்களுக்குத் தருவது 'பர்ப்பிள் ஹார்ட்' என்ற பதக்கம். அது இருந்தால், முன்னாள் சிப்பாய்களுக்கான சர்க்கார் ஆஸ்பத்திரியில் முன்னுரிமை உண்டு. டாக்டரைப் பார்க்கவும், படுக்கையில் சேரவும் கைக்காசு கட்ட வேண்டாம். கண்ணை மூடிய பிறகு, கல்லறைக் கல்லில் பெயரோடு அந்தப் பதக்கத்தையும் பொறிப்பார்கள்.

ஆக, மானமும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

அவசரத்தில் அடித்த சான்று

பதக்கம் எப்படி விட்டுப்போனது?

1945 மே மாதம் அமெரிக்கத் தரைப்படையில் 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1946 ஜூன் இறுதியில் 20 லட்சத்துக்கும் கீழே! பதின்மூன்றே மாதத்தில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சான்று. அதை டைப் அடித்தவர் ஒரு குமாஸ்தா. வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. சிப்பாய்க்கோ ரயிலைப் பிடிக்க வேண்டும், அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். "சரியா இருக்கா, பார்த்துக் கையெழுத்துப் போடு" என்றால், பார்க்காமலே போட்டுவிட்டு ஓடியிருப்பான். யார்தான் ஓடமாட்டார்கள்?

குமாஸ்தாவையும் குறை சொல்வதற்கில்லை. காலை முதல் ராத்திரி வரை அடித்துக்கொண்டே இருந்தால், ஒரு வரி விட்டுப்போவது சகஜம். அந்த ஒரு வரியில்தான் ஒரு பதக்கம் போயிற்று.

போர் நடந்தபோது உலோகத் தட்டுப்பாடு வேறு. பல பதக்கங்களுக்கு நாடாத் துண்டை மட்டும் கொடுத்தார்கள். பதக்கத்தை வார்த்தது போர் முடிந்த பிறகு. அதற்குள் சிப்பாய் ஊர் போய்ச் சேர்ந்து, வயலிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குப் போய்விட்டான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காலாட்படையில் களத்தில் நின்று சண்டை போட்டவர்களுக்குப் போர்க்காலத்தில் ஒரு சின்னம் கொடுத்தார்கள். களத்தில் கூட இருந்த வைத்தியப் படையினருக்கும் அதுபோல ஒன்று. இந்தச் சின்னம் வாங்கியவர்களுக்கெல்லாம் 'வெண்கல நட்சத்திரம்' பதக்கமும் உண்டு என்று 1947-ல் முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் வீட்டுக்கு வீடு பதக்கம் போயிற்றா? இல்லை. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடையாது!

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். தனக்குப் பால் இருக்கிறது என்ற விவரமே தெரியாத பிள்ளை எப்படி அழும்?

நெருப்பு தின்ற பைல்கள்

சரி, சான்றில் விட்டுப்போனதை மூலப் பைலில் பார்த்துச் சேர்த்துவிடலாமே? சேர்க்கலாம். பைல் இருந்தால்!

மிசூரி மாநிலத்தில் செயிண்ட் லூயிஸ் நகரை ஒட்டி ஓவர்லேண்ட் என்று ஓர் இடம். அங்கே ஓர் ஆறு மாடிக் கட்டிடம். 728 அடி நீளம், 282 அடி அகலம். முப்படைகளிலிருந்தும் வந்தவர்களின் பைல்களை அதற்குள்தான் அடைத்து வைத்திருந்தார்கள்.

1973 ஜூலை 12, வியாழக்கிழமை. நள்ளிரவு தாண்டிப் பதினாறு நிமிடம். ஆறாவது மாடியில் தீ!

42 தீயணைப்பு வட்டங்களைச் சேர்ந்தவர்கள் ஓடி வந்தார்கள். 22 மணி நேரம் தீ கட்டுக்கு அடங்கவில்லை. அடியோடு அணைந்தது 16-ந் தேதி.

பைல் அடுக்கியிருந்த இடத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய் இல்லை. தீ பரவாமல் தடுக்கும் குறுக்குச் சுவரும் இல்லை. தண்ணீர் பட்டால் காகிதம் கெட்டுவிடும் என்று வாதம் செய்தவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். கடைசியில் நடந்தது என்ன? தீயை அணைக்க லட்சக்கணக்கான காலன் தண்ணீரைக் கொட்டினார்கள். எரியாமல் தப்பியதும் நனைந்து, பூஞ்சணம் பிடித்தது!

போனது 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் பைல்கள் வரை. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் பைல்களில் நூற்றுக்கு 80 பங்கு அழிந்தது. இரண்டு உலகப் போர்களும் கொரியாப் போரும் அதற்குள் அடக்கம். விமானப்படையில் 1947 முதல் 1963 முடிய விடுவிக்கப்பட்டவர்களில், ஆங்கில அகரவரிசையில் 'எச்' எழுத்தின் கடைசிப் பகுதிக்குப் பின்னால் பெயர் வருகிறவர்களின் பைல்களில் நூற்றுக்கு 75 போயிற்று. முன்னால் பெயர் வந்தவர் பிழைத்தார். பெற்றவர்கள் வைத்த பெயர்கூட ஒருவனுடைய பதக்கத்தைத் தீர்மானித்துவிட்டது!

நகல் எடுத்து வைக்கவில்லை. மைக்ரோபிலிம் இல்லை. என்னென்ன இருந்தது என்பதற்கு ஓர் அட்டவணைகூட இல்லை. தீ எப்படிப் பிடித்தது என்பதும் உறுதியாகத் தெரியாமலே போயிற்று.

யார் தலையில் பாரம்?

படை ஏடுகளில் உள்ள பிழையைத் திருத்த அங்கே ஒரு வாரியம் இருக்கிறது. 1946-ல் வந்த சட்டத்தால் பிறந்தது. தவறோ அநீதியோ நடந்திருந்தால் திருத்தலாம். மனுவுக்குக் கட்டணம் இல்லை. தவறு தெரிந்த மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நியாயம் இருந்தால் கெடுவைத் தளர்த்தலாம். சிப்பாய் இறந்துவிட்டால் வாரிசும் போடலாம்.

சாமி வரம் கொடுத்தாயிற்று. பூசாரி?

வாரியம் விசாரணையை எங்கே தொடங்குகிறது, பாருங்கள். "சர்க்கார் காகிதத்தில் இருப்பது சரி" என்ற அனுமானத்தில் தொடங்குகிறது! அது தப்பு என்று காட்டும் பாரம் மனுதாரர் தலையில். பர்ப்பிள் ஹார்ட் கேட்டு வந்தால் மூன்று கேள்வி. காயம் எதிரியால் பட்டதா? டாக்டர் சிகிச்சை செய்ய வேண்டிய அளவுக்குக் காயமா? அந்தச் சிகிச்சை சர்க்கார் ஏட்டில் பதிவாகியிருக்கிறதா?

எத்தனையோ பேருக்கு மூன்றாவது கேள்வியின் விடை 1973-ல் சாம்பலாகிவிட்டது.

கூட இருந்தவர்களின் வாக்குமூலம் கொண்டுவரலாம் என்கிறார்கள். கூட இருந்தவர்கள் எங்கே? சிலர் களத்திலேயே விழுந்தார்கள். மற்றவர்கள் முதுமையில் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்துப் பள்ளத்தில் படுத்திருந்தவனை இன்று எந்த விலாசத்தில் போய்த் தேடுவது?

அதே அமெரிக்காவில், முன்னாள் சிப்பாய்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் இலாகாவுக்குச் சட்டம் வேறு. சாட்சியம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு! அதே சர்க்கார், அதே சிப்பாய், அதே காயம். பணம் கேட்டுப் போனால் சந்தேகத்தின் பலன் உண்டு. பதக்கம் கேட்டுப் போனால் இல்லை. இது என்ன நியாயம்?

"போலிகள் புகுந்துவிடுவார்கள்" என்று ஒரு பயம் இருக்கிறது. பொய்யான பயம் அல்ல. வாங்காத பதக்கத்தை வாங்கியதாகப் பீற்றிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களைத் தண்டிக்க 2006-ல் சட்டம் போட்டார்கள். வெறும் பேச்சுக்காகத் தண்டிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2012-ல் அதைத் தள்ளியது. பதக்கப் பொய் சொல்லிப் பணமோ ஆதாயமோ தேடினால் குற்றம் என்று 2013-ல் புதுச் சட்டம் வந்தது. போலியைப் பிடிக்க அந்தச் சட்டம் இருக்கட்டும். நிஜமான சிப்பாயை வாசலில் நிறுத்தி வைக்க அது சாக்காகாது.

தேடினால் கிடைக்கும்

சர்க்கார் மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கமான 'மெடல் ஆஃப் ஆனர்' நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் ஒரு கறுப்புச் சிப்பாய்க்குக்கூடக் கொடுக்கவில்லை! வெர்னான் பேக்கர் என்ற கறுப்பு லெப்டினென்ட் 1945 ஏப்ரலில் இத்தாலியில், ஜெர்மானியர் பிடித்திருந்த மலை மீது ஏறி, இயந்திரத் துப்பாக்கி நிலைகளை ஒவ்வொன்றாக அழித்தார். அவருக்கு அடுத்த படியில் உள்ள பதக்கத்தோடு சரி.

1993-ல் தரைப்படையே ஆராய்ச்சியாளர்களை அமர்த்திப் பழைய காகிதங்களைத் தேடச் சொன்னது. தேடினார்கள், கிடைத்தது. காலக்கெடு குறுக்கே நின்றது. அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரஸ் அதை விலக்கியது. 1997 ஜனவரி 13-ந் தேதி ஜனாதிபதி கிளின்டன் ஏழு கறுப்பு வீரர்களுக்கு அந்தப் பதக்கத்தை வழங்கினார். ஆறு பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். கையை நீட்டி வாங்க உயிரோடு இருந்தவர் பேக்கர் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 77.

அன்று தேடியது போல மற்றவர்களுக்கும் தேடினால் என்ன? காகிதம் அடியோடு போய்விடவில்லையே! ஒவ்வொரு கம்பெனியிலும் தினமும் எழுதிய காலை அறிக்கைகள் இருக்கின்றன. யார் காயம் பட்டான், யார் ஆஸ்பத்திரிக்குப் போனான், யார் திரும்பி வந்தான் என்பதெல்லாம் அதில் உண்டு. படையை விட்டவர்களின் கடைசிச் சம்பளச் சீட்டுகள் 1 கோடியே 90 லட்சம் இருக்கின்றன. படைப்பிரிவுகளின் உத்தரவுகள் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1988-ல், படை ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்களைப் பற்றிய ஒரு கோடி குறிப்புகள் கம்ப்யூட்டர் டேப்பில் கிடைத்தன. அதில் பெயர் கிடையாது. சிப்பாயின் எண் மட்டும். எண்ணை வைத்து ஆளைப் பிடிப்பது சர்க்காருக்கு முடியுமா, தாத்தாவுக்கு முடியுமா?

இவ்வளவும் சர்க்கார் அலமாரியில் இருக்கிறது. தாத்தா வீட்டுப் பரணில் இல்லை!

தாமதத்துக்கும் நேரமில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது அந்தப் பைல் அலுவலகத்தைப் பெரும்பாலும் பூட்டி வைத்தார்கள். தேங்கிய மனுக்கள் 5 லட்சத்தைத் தாண்டின. தேக்கம் தீர்ந்தது 2024-ல். நூறு வயதை நெருங்குகிறவருக்கு நாலு வருஷம் என்பது சின்ன விஷயமா?

1973 தீயில் பைலைப் பறிகொடுத்தவர் மனு போட்டால், சந்தேகத்தின் பலன் அவருக்கே என்று வாரியத்துக்கும் விதி வரவேண்டும். ஏடுகளைப் புரட்டும் வேலையைச் சர்க்கார் செய்யவேண்டும். காலாட்படைச் சின்னம் வாங்கியவர்களின் பெயர்கள் படைப்பிரிவு உத்தரவுகளில் இருக்கின்றன. அவர்களுக்கோ, அவர்கள் குடும்பத்துக்கோ, வெண்கல நட்சத்திரத்தைக் கேட்காமலே அனுப்பி வைக்கவேண்டும்.

தீயிலிருந்து 65 லட்சம் பைல்களை அரைகுறையாக மீட்டார்கள். விண்வெளிக் கருவிகளைச் சோதிப்பதற்காக ஒரு விமானக் கம்பெனி வைத்திருந்த வெற்றிடக் கூடத்தில் வைத்து அவற்றை உலர்த்தினார்கள். 2011-ல் புதுக் கட்டிடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஓரம் கருகி ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஊழியர்கள் இன்றும் பொறுமையாக, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறார்கள். யாராவது பெயர் எழுதி மனு போட்டால்தான் அந்தப் பைல் அலமாரியிலிருந்து கீழே இறங்குகிறது.